கூரியரில் வரும் மாத்திரையும் யாரும் கேட்காத கேள்விகளும்

கருக்கலைப்பு மாத்திரையை இணையத்தில் வாங்கினால் கையில் என்ன வந்து சேரும்? ஊகத்தில் பதில் சொல்லாமல், பணம் கட்டி வாங்கிப் பார்த்தே சொன்ன ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் கைனுயிட்டி ஹெல்த் ப்ராஜெக்ட்ஸ் என்ற அமைப்பும் ப்ளான் சி என்ற குழுவும் சேர்ந்து செய்தது. 2018இல் ‘கான்ட்ராசெப்ஷன்’ மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின. மருந்துச்சீட்டு கேட்காமல் அமெரிக்க முகவரிகளுக்கு இந்த மாத்திரைகளை அனுப்பும் 18 இணையதளங்களைத் தேடிப் பிடித்தார்கள். 22 ஆர்டர்கள் போட்டார்கள். அவற்றில் 20, மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும் சேர்ந்த ஜோடி மருந்து. மற்ற 2, மிசோப்ரோஸ்டால் மட்டும்.

ஜோடி மருந்தில் 18 வந்து சேர்ந்தன, 2 வரவில்லை. தனி மிசோப்ரோஸ்டால் இரண்டும் வந்தன. ஒரு தளம்கூட மருந்துச்சீட்டு கேட்கவில்லை, உருப்படியான மருத்துவத் தகவல் எதையும் விசாரிக்கவில்லை. அனுப்பும் செலவும் கட்டணங்களும் சேர்த்து விலை 110 டாலரிலிருந்து 360 டாலர் வரை இருந்தது. விரைவு அஞ்சல் இல்லாதவற்றின் நடுமதிப்பு 205 டாலர், அப்போதைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 13,000 ரூபாய். இந்திய மருந்துக் கடையில் இதே ஜோடி சில நூறு ரூபாய்தான்.

வந்த மாத்திரைகளை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு பலரும் எதிர்பார்த்தது போல இல்லை.

‘ஆன்லைன்ல வாங்கினா வெறும் சாக்பீஸ் தூள்தான் வரும்’ என்பது பரவலான பயம். இந்த ஆய்வில் அப்படி ஒன்றுகூட வரவில்லை. 200 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்த 18 மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரைகளில் இருந்த மருந்து 184.3 முதல் 204.1 மில்லிகிராம். அதாவது குறை 8 விழுக்காட்டுக்குள். இந்த மருந்தைப் பொறுத்தவரை வாங்கியவர் ஏமாறவில்லை.

கோளாறு இரண்டாவது மருந்தில் இருந்தது. 200 மைக்ரோகிராம் என்று அச்சிட்ட 20 மிசோப்ரோஸ்டால் மாத்திரைகளிலும் மிசோப்ரோஸ்டால் இருந்தது உண்மை. ஆனால் அளவு 34.1 மைக்ரோகிராமிலிருந்து 201.4 மைக்ரோகிராம் வரை சிதறிக் கிடந்தது. பெரும்பாலானவை அச்சிட்ட அளவுக்குக் குறைவு. இரண்டு மருந்தும் சேர்ந்த பெட்டியை ‘கிட்’ என்பார்கள். ஒரு கிட்டில் இந்த மாத்திரை 4 இருக்கும். மொத்தம் 800 மைக்ரோகிராம் உடம்புக்குள் போக வேண்டும் என்பது கணக்கு. நான்குமே 34.1 என்று அமைந்துவிட்டால் போவது 136 மைக்ரோகிராம். ஆறில் ஒரு பங்குதான்.

மாத்திரையைக் கையில் எடுத்துப் பார்த்தால் எது 34, எது 201 என்று யாருக்கும் தெரியாது. நிறம், வடிவம், அட்டையில் உள்ள பெயர், காலாவதித் தேதி எல்லாம் சரியாகவே இருக்கும்.

ஏன் இந்த ஒரு மருந்து மட்டும் இப்படித் தேய்கிறது?

மிசோப்ரோஸ்டால் கருக்கலைப்புக்காகக் கண்டுபிடித்த மருந்து அல்ல. வயிற்றுப்புண்ணுக்காக வந்தது, சைட்டோடெக் என்ற பெயரில் அமெரிக்காவில் 1988இல் அனுமதி பெற்றது. கருப்பையைச் சுருங்க வைக்கும் அதன் குணத்தை 1980களின் பிற்பகுதியில் பிரேசில் பெண்கள் தாங்களாகவே கண்டுகொண்டு பயன்படுத்தத் தொடங்கினார்கள். மருத்துவ உலகம் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தது. தூய நிலையில் இது பிசுபிசுப்பான எண்ணெய். அப்படியே விட்டால் நிலைக்காது. அதனால் ஹைப்ரோமெல்லோஸ் என்ற தூளில், நூற்றில் ஒரு பங்கு என்ற அளவில் பரப்பி மாத்திரையாக அழுத்துகிறார்கள். அந்தத் தூள் ஈரத்தை இழுக்கும். ஈரம் புகுந்தால் மிசோப்ரோஸ்டால் வேறு பொருள்களாக உடைந்துபோகும். ஆகவே இந்த மாத்திரையின் ஆயுள் மருந்துக் கம்பெனியின் நேர்மையை மட்டும் நம்பியில்லை, அட்டையையும் நம்பியிருக்கிறது. இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு உள்ள அட்டை ஈரத்தைத் தடுக்கும். ஒரு பக்கம் கண்ணாடி போல் தெரியும் பிளாஸ்டிக் அட்டை அந்த அளவுக்குத் தடுக்காது. கடைக்காரர் அட்டையிலிருந்து பிரித்து, காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் மாத்திரை பற்றிச் சொல்லவே வேண்டாம். பல நாடுகளிலிருந்து 215 மிசோப்ரோஸ்டால் மாதிரிகளைச் சேகரித்துச் சோதித்த இன்னொரு ஆய்வு, 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் மருந்துத் தகவல் இதழில் வந்தது. அவற்றில் ஏறத்தாழ 40 விழுக்காடு அளவு குறைந்தவை; 14 மாதிரிகளில் மருந்தே இல்லை.

ஆக, வெயில் காலத்தில் கிடங்கிலும் கூரியர் வேனிலும் வாரக்கணக்கில் கிடந்து, உறை நசுங்கி வரும் மாத்திரை போலியாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. அசல் மாத்திரையே வழியில் செத்துப்போயிருக்கலாம்.

அளவு குறைந்தால் என்ன நடக்கும்? முதல் மருந்து மிஃபெப்ரிஸ்டோன் கர்ப்பத்தைத் தாங்கும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோனைத் தடுத்துவிடும். இரண்டாவது மருந்துதான் கருப்பையைச் சுருக்கி உள்ளே இருப்பதை வெளியேற்றும். அது பாதியில் நின்றால் கருக்கலைப்பு அரைகுறையாகும். இரத்தப்போக்கு நிற்காது, தொற்று வரலாம், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுத்தம் செய்ய வேண்டிவரும். அதைவிட மோசம், கர்ப்பம் தொடர்வது. கொஞ்சம் இரத்தம் போனதும் ‘முடிந்தது’ என்று நினைத்துவிடுவார்கள். வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை செய்தால் அதுவும் குழப்பும். கர்ப்பம் உண்மையிலேயே கலைந்திருந்தாலும் அந்தக் கோடு 3, 4 வாரம் வரை தெரியக்கூடும். மிசோப்ரோஸ்டாலுக்குப் பிறகும் தொடர்ந்த கர்ப்பங்களில் குழந்தைக்கு முகநரம்பு பாதிக்கும் மோபியஸ் நோய்க்கூறும் கைகால் குறைபாடும் வந்ததை 1990களில் பிரேசில் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மாத்திரை போட்ட பிறகு ‘சரி, இருக்கட்டும்’ என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

இனி முதலில் சொன்ன அமெரிக்க ஆய்வில் அதிகம் பேசப்படாத எண்ணுக்கு வருவோம். ஆர்டர் போட்ட நாளிலிருந்து உறை கைக்கு வர ஆன காலம் 3 முதல் 21 வேலை நாட்கள், நடுமதிப்பு 9.5 வேலை நாட்கள். என் பார்வையில் 34.1 மைக்ரோகிராமைவிட ஆபத்தான எண் இந்த 21.

கர்ப்ப வாரத்தைக் கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். உறவு நடந்த நாளிலிருந்து எண்ணுபவர்கள் நம்மில் நிறைய. அவர்கள் கணக்கில் எப்போதும் இரண்டு வாரம் குறையும். நாள் தள்ளிப்போனது தெரியும்போதே 4 வாரம் ஆகியிருக்கும். பயந்து, யாரிடமும் சொல்ல முடியாமல், டெஸ்ட் எடுத்துப் பார்த்து முடிவுக்கு வர ஒரு வாரம். அப்போது 5 வாரம். 21 வேலை நாள் என்றால் சனி ஞாயிறு சேர்த்து நான்கு வாரத்துக்கு மேல். உறை வரும்போது 9 வாரம் தாண்டிவிடும். இந்தியாவில் மாத்திரை முறைக்கு விதி அனுமதிக்கும் எல்லையே 9 வாரம். வாரம் ஏற ஏற முழுமையாகக் கலையும் வாய்ப்பு குறைகிறது, இரத்தப்போக்கு கூடுகிறது. ஆர்டர் போட்ட அன்று தகுதியாக இருந்த பெண், வாசலில் மணி அடிக்கும்போது தகுதி இழந்திருக்கலாம். அந்தத் தளங்களில் வாரக் கணக்கை யாரும் சரிபார்க்காததால் இது அவளுக்குத் தெரியவும் தெரியாது.

கேட்கப்படாத கேள்விகள்

ஒரு மருத்துவர் இந்த மாத்திரையைக் கொடுக்கும் முன்பு என்ன கேட்பார்? எத்தனை வாரம்? இதற்கு முன் கருக்குழாயில் கரு தங்கியதா, குழாயில் ஆபரேஷன் நடந்ததா? காப்பர்-டி உள்ளே இருக்கிறதா? இரத்தம் உறையாத நோய் உண்டா, இரத்தம் மெலிதாக்கும் மாத்திரை போடுகிறாயா? வெகுநாளாக ஸ்டீராய்டு எடுக்கிறாயா, அட்ரினல் சுரப்பிக் கோளாறு உண்டா? இரத்தம் எவ்வளவு இருக்கிறது?

இவற்றில் முதலிடம் இடம்மாறிய கர்ப்பத்துக்குத்தான். நூறு கர்ப்பத்தில் ஒன்று இரண்டு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடும். இந்த மாத்திரைகள் அதைக் கலைக்காது. அது மட்டுமா, மாத்திரை அதை மறைத்தும் விடும். குழாய் வெடிக்கும்போது வரும் அடிவயிற்று வலியும் இரத்தமும், மாத்திரை போட்டால் வரும் என்று எல்லோரும் சொல்லும் வலியும் இரத்தமும் ஒன்றுபோலவே தோன்றும். ‘மாத்திரை வேலை செய்யுது’ என்று பொறுத்துக்கொண்டே இருப்பாள். வயிற்றுக்குள் இரத்தம் தேங்கும். தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை நுனியில் விளங்காத வலி என்று அது வெளிப்படும்போது மணிக்கணக்கில் தாமதமாகியிருக்கும். மாத்திரை அசல்தானா என்று ஆய்வகத்தில் எவ்வளவு சோதித்தாலும் இந்த ஆபத்து நீங்காது. நூறு விழுக்காடு தரமான மாத்திரையிலும் இது உண்டு.

இரத்தசோகை நம் ஊருக்கு நெருக்கமான விஷயம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது, தமிழ்நாட்டில் 53.4. ஹீமோகுளோபின் 12 இருக்கும் பெண் தாங்கிக்கொள்ளும் இரத்தப்போக்கை 7 இருக்கும் பெண் தாங்கமாட்டாள். விரலில் ஒரு துளி எடுத்தால் தெரிந்துவிடும் விவரம் இது. இணையக் கடையில் அந்தத் துளிக்கு இடமில்லை.

அஞ்சலில் வந்தாலும் கேள்வி கேட்ட ஒரு ஏற்பாடு

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் ‘ஆன்லைன் என்றாலே ஆபத்து’ என்று முடித்துவிடத் தோன்றும். அயர்லாந்து அனுபவம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

1983இல் அரசியல் சாசனத்தில் சேர்த்த எட்டாவது திருத்தம் காரணமாக அயர்லாந்தில் கருக்கலைப்பு ஏறக்குறைய முற்றிலும் தடைபட்டிருந்தது. வசதி உள்ளவர்கள் இங்கிலாந்துக்குக் கப்பலிலோ விமானத்திலோ போய் வந்தார்கள். முடியாதவர்களுக்கு, டச்சு மருத்துவர் ரெபெக்கா கோம்பெர்ட்ஸ் 2005இல் தொடங்கிய விமன் ஆன் வெப் வழியாக அஞ்சலில் மாத்திரை வந்தது. இங்கே பெண் ஒரு நீண்ட மருத்துவக் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். மருத்துவர் அதைப் படித்துத்தான் மருந்து எழுதுவார். எப்படிப் போடுவது, எது சாதாரணம், எது ஆபத்து என்று விளக்கிச் சொல்வார்கள். இரத்தம் அதிகமாகப் போகிறது என்று எழுதினால் பதில் எழுத ஆள் இருக்கும். பிறகு என்ன ஆனது என்றும் கேட்பார்கள்.

2010 முதல் 2012 வரை அயர்லாந்து, வட அயர்லாந்துப் பெண்கள் 1,636 பேருக்கு மாத்திரை அனுப்பியிருக்கிறார்கள். மாத்திரை போட்டதை உறுதி செய்து, அதன் பிறகு என்ன நடந்தது என்றும் சொன்ன 1,000 பேரின் விவரத்தை 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. அவர்களில் 94.7 விழுக்காட்டினருக்கு அறுவை முறை தேவைப்படாமலே கர்ப்பம் கலைந்தது. 7 பேருக்கு இரத்தம் ஏற்ற வேண்டிவந்தது, 26 பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இறப்பு எதுவும் பதிவாகவில்லை. 93 பேருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டிய அறிகுறி வந்தது. அவர்களில் ஏறத்தாழ எல்லோரும் போனார்கள். கருக்கலைப்புக்குச் சிறைத்தண்டனை இருந்த நாட்டில் போனார்கள்.

பெண்கள் தாங்களே சொன்ன தகவல் இது, பதில் எழுதாதவர்களின் கதை நமக்குத் தெரியாது என்ற குறையை ஒதுக்க முடியாது. இருந்தாலும் இதே திசையில் பெரிய சான்று பிறகு வந்தது. கொரோனா ஊரடங்கில், 2020 மார்ச் கடைசியில், தொலைபேசியில் மருத்துவ ஆலோசனை நடத்திக் கருக்கலைப்பு மாத்திரையை வீட்டுக்கே அனுப்ப இங்கிலாந்து அனுமதித்தது. அதற்கு முன்னும் பின்னுமாக நடந்த 52,142 கருக்கலைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பழைய முறையில் வெற்றி 98.2 விழுக்காடு, புதிய முறையில் 98.8. தீவிரப் பாதிப்பு பழையதில் 0.04 விழுக்காடு, புதியதில் 0.02. இடம்மாறிய கர்ப்பத்துக்குச் சிகிச்சை பெற்றவர்கள் இரண்டிலும் ஒரே அளவு, 0.2 விழுக்காடு. சராசரிக் காத்திருப்பு 4 நாள் குறைந்தது. எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்கவில்லை. கேள்விகளில் சந்தேகம் வந்தவர்களை மட்டும் ஸ்கேனுக்கு வரச் சொன்னார்கள். 2022 ஆகஸ்டில் அந்த ஏற்பாடு நிரந்தரமானது.

அமெரிக்க உறைகளில் வந்ததும் அயர்லாந்து உறைகளில் வந்ததும் அதே இரண்டு மருந்துகள்தான். இரண்டும் தபாலில்தான் வந்தன. வேறுபாடு உறைக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தாரா என்பதில். யாரும் கேட்காத கடையிலிருந்து வாங்கினால் அது கவுண்டரில் இருந்தாலும் இணையத்தில் இருந்தாலும் ஒரே ஆபத்து. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் கணவரோ காதலரோ போய், ‘ஒரு கிட் கொடுங்க’ என்று வாங்கி வருவதும் அந்த வகைதான். உறையில் தபால் முத்திரை இல்லை, அவ்வளவே.

சட்டமும் ஓர் ஆபத்து

2016 ஏப்ரலில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நீதிமன்றம் 21 வயதுப் பெண் ஒருவருக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தது. 19 வயதில் கர்ப்பமானபோது இங்கிலாந்து போகப் பணமில்லாமல் இணையத்தில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். காவல்துறைக்குச் சொன்னவர்கள் அதே வீட்டில் உடன் தங்கியிருந்தவர்கள். அவர்மேல் பாய்ந்தது 1861ஆம் ஆண்டுச் சட்டம். வட அயர்லாந்தில் 2019 அக்டோபரில்தான் இது குற்றமாக இருப்பது நின்றது.

இதில் நான் கவனிப்பது தண்டனையை அல்ல, அந்தச் செய்தியைப் படித்த மற்றப் பெண்களை. இரத்தம் நிற்காமல் போகும்போது ‘ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும்’ என்ற பயம் ஒரு மணி நேரம் தாமதிக்க வைத்தால் போதும். வாங்கிய தடயமும் சும்மா இருப்பதில்லை. கருக்கலைப்பு மாத்திரை விற்கும் இணைய மருந்தகங்கள் குறைந்தது ஒன்பது, தங்கள் பக்கத்துக்கு வந்தவர்களின் விவரங்களை கூகுள் போன்ற நிறுவனங்களுக்குப் போகவிட்டதை ப்ரோபப்ளிக்கா என்ற அமெரிக்கப் புலனாய்வுச் செய்தி நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிக்கொண்டு வந்தது. கார்டு எண்ணையும் வீட்டு முகவரியையும் முகம் தெரியாத தளத்தில் கொடுப்பது தனிச் சிக்கல். அமெரிக்க ஆய்வில் வராமல் போன இரண்டு ஆர்டர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர்கள் இழந்தது பணம், ஒரு பெண் இழப்பது வாரங்கள்.

இலங்கையில் இந்தப் பயம் இன்றும் உண்மையானது. 1883ஆம் ஆண்டு தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்ற என்ற ஒரே காரணத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்கிறது. மற்றபடி மூன்று ஆண்டு வரை சிறை, கரு அசையத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. அங்குள்ள பெண்கள் இணையத்திலும் கள்ளச்சந்தையிலும் தேடுவதற்குச் சட்டமே காரணம்.

இந்தியாவில் ஏன் தேட வேண்டும்?

இந்தியாவில் நிலைமை தலைகீழ். கருக்கலைப்பு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது. மாத்திரை இங்கேயே மலிவாகத் தயாராகிறது. எய்ட் ஆக்செஸ் என்ற அமைப்பு அமெரிக்கப் பெண்களுக்கு மாத்திரை அனுப்பியதே இந்தியாவில் உள்ள மருந்தகம் வழியாகத்தான், அதற்காக 2019 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் எச்சரிக்கைக் கடிதமும் வாங்கியது. ஒரு மிஃபெப்ரிஸ்டோனும் நான்கு மிசோப்ரோஸ்டாலும் கொண்ட எம்.டி.பி. (மருத்துவக் கருக்கலைப்பு) கிட்டுக்கு 2008இல் இங்கே அனுமதி கிடைத்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் விற்க வேண்டும்.

நடைமுறை வேறு. லான்செட் குளோபல் ஹெல்த் இதழின் மதிப்பீட்டின்படி 2015இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் 1 கோடியே 56 லட்சம். அவற்றில் 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. கேள்வி கேட்காத மாத்திரை நமக்கு அமெரிக்க விவகாரம் அல்ல, நான்கில் மூன்று பேரின் அனுபவம்.

இணைய மருந்து விற்பனையே சட்டத்தில் தெளிவில்லாத நிலத்தில் நிற்கிறது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளுக்கு இணையம் தெரியாது. மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வரைவு விதிகளை வெளியிட்டது. தமிழ்நாடு மருந்து வணிகர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, விதிகள் அறிவிக்கப்படும் வரை இணைய விற்பனைக்குத் தடை விதித்தார். சில நாட்களிலேயே இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. பெயர் பெற்ற மருந்துச் செயலிகளின் கதை இப்படி என்றால், வாட்ஸாப் எண்ணை மட்டும் போட்டு ‘ரகசியமாக அனுப்புகிறோம்’ என்று விற்பவர்களைப் பற்றி என்ன சொல்ல? பில் கிடையாது, பேட்ச் எண் யாரிடமும் பதிவாகாது, ஏதாவது ஆனால் அந்த எண் அணைந்திருக்கும்.

சட்டம் இருந்தும் பெண்கள் அங்கே போகக் காரணம் அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அது சரியென்று படவில்லை. ‘கல்யாணம் ஆச்சா? புருஷன் எங்க? அவரைக் கூட்டிட்டு வா’ என்று வரவேற்பு மேசையிலேயே ஆரம்பிக்கும் விசாரணைதான் முக்கியக் காரணம். மருத்துவம் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு நடுவில் மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்விகளை நாம் கலந்துவிட்டோம். அதைத் தவிர்க்க வேண்டும் என்று நினைக்கும் பெண் தேவையான கேள்விகளையும் சேர்த்தே இழக்கிறாள்.

சட்டத்தில் உள்ளது வேறு. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. அதற்கும் குறைந்த வயது என்றால்தான் பாதுகாவலர் சம்மதம். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை விதியில் குறிப்பிட்ட நிலையில் உள்ள பெண்களுக்கு இரண்டு மருத்துவர்கள். மாத்திரை முறைக்கு 9 வாரம். அந்தத் திருத்தம் சேர்த்த 5ஏ பிரிவின்படி பெண்ணின் பெயரையும் விவரத்தையும் சட்டப்படி உரிமை உள்ளவரைத் தவிர யாரிடமும் வெளிப்படுத்தக் கூடாது, மீறினால் ஓராண்டு வரை சிறை. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரம் வரையிலான அனுமதியில் திருமணமாகாத பெண்களை ஒதுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. சிறுமி தன் அடையாளத்தை மறைக்கக் கேட்டால், போக்சோ சட்டப்படி மருத்துவர் தரும் தகவலில் பெயர் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஒரு மருத்துவமனை இவற்றுக்கு மாறாக நடந்தால் அடுத்த அரசு மருத்துவமனைக்கோ கருக்கலைப்பு அனுமதிச் சான்று மாட்டியிருக்கும் மருத்துவமனைக்கோ போகலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். ஒரு நாள் வீணாகும். ஆனால் கூரியருக்குக் காத்திருப்பதைவிடக் குறைவு. தனக்குச் சட்ட வழி திறந்திருக்கிறது என்று தெரியாமல், தானே மாத்திரை போட்டுக்கொள்ளும் பெண்தான் உண்மையில் சட்டத்துக்கு வெளியே நிற்கிறாள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவு, தன் கருவைத் தானே கலைப்பவரையும் உள்ளடக்கியே எழுதப்பட்டிருக்கிறது.

ஏற்கனவே போட்டுவிட்டவர்களுக்கு

உறை வந்து இன்னும் போடவில்லை என்றால் முதல் வேலை வாரக் கணக்கு; கடைசி மாதவிடாய்த் தேதி நிச்சயமில்லை என்றால் ஸ்கேன். அட்டை கிழிந்திருந்தாலோ, மாத்திரை ஊதியோ உதிர்ந்தோ இருந்தாலோ, அட்டை இல்லாமல் தனியாக வந்திருந்தாலோ போடக் கூடாது.

போட்டாயிற்று என்றால் எது இயல்பு, எது இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். மாதவிடாயைவிட அதிகமான இரத்தமும், கட்டிகளும், பிசைவது போன்ற வலியும் சில மணி நேரம் வரும். மிசோப்ரோஸ்டால் போட்ட அன்று குளிரும் லேசான காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரலாம். ஒரு மணி நேரத்துக்குப் பெரிய நாப்கின் இரண்டு என்ற கணக்கில் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தால் அது இயல்பு அல்ல, 108ஐ அழைக்க வேண்டிய நேரம். மயக்கம், தோள்பட்டை வலி, வலி மாத்திரைக்கும் அடங்காத ஒருபக்க வயிற்று வலி, மறுநாளும் இறங்காத காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு இவற்றுக்கும் அப்படியே. இரத்தமே வராமல் இருப்பதும் அபாய அறிகுறிதான். இடம்மாறிய கர்ப்பமோ, செத்துப்போன மாத்திரையோ காரணமாக இருக்கலாம். இன்னொரு அட்டை வாங்கிப் போடுவது அதற்குத் தீர்வு அல்ல. எல்லாம் சுமுகமாக முடிந்ததாகத் தோன்றினாலும் இரண்டு வாரம் கழித்து ஒரு பரிசோதனை தேவை.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காலி அட்டையை எடுத்துப் போங்கள். என்ன மாத்திரை, எத்தனை, எந்த நாள் எந்த நேரம், எப்படிப் போட்டது என்று மறைக்காமல் சொன்னால் மருத்துவர் சரியான இடத்திலிருந்து தொடங்க முடியும். எங்கே வாங்கியது என்ற விசாரணையை இரத்தப்போக்கை நிறுத்திய பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பதை அந்த வார்டில் நிற்கும் மற்றவர்களும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.